ஆள் இல்லாத வீடு

அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தப் பூட்டுதான். உள்ளங்கை அகலம். வெயிலும் மழையும் தின்று பழுப்பேறிப்போன இரும்பு. பச்சை பெயின்ட் அடித்த பெரிய கேட்டில், வெளிப்பக்கமாக, எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு.

உள்ளே ஆட்களுக்குக் குறைவே கிடையாது. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். மாடியில் வரிசையாக மூன்று குடித்தனங்கள். முதல் அறைகளில் ஒரு தையல்காரி. அவள் புருஷன் லாரி ஓட்டப் போனால் பாதி மாதம் வீடு திரும்பமாட்டான். அடுத்ததில் ஒரு நர்ஸ். கடைசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி. இத்தனை பேரும் பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்னக் கதவு வழியாகத்தான் போக வர வேண்டும். நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்கும், சாமான் விற்க வருகிறவர்களுக்கும், முக்கியமாக வீட்டு வரி ஆபீஸ்காரர்களுக்கும் அந்தச் சந்து தெரியாது. வரி ஆபீஸ் கணக்குப்படி அது ஒரே குடும்பம் இருக்கும் வீடு. மாடி காலி.

பெரிய ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்ற அந்த வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் 'பூட்டு சார்'. முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

பூட்டு சாருக்கு வாழ்க்கையில் பெருமைகள் அதிகம் இல்லை. இருந்த ஒன்றை அவர் பத்திரமாகப் பாதுகாத்து வந்தார். ஓட்டுப்போடும் வயது வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட அவர் விட்டதில்லை. அதுவும் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். ஒருமுறை கடும் காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டே போய் நின்றார். ஓட்டுப்போட்டுவிட்டு வந்து, சந்துக் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற குடித்தனக்காரர்களிடம் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டுவார்.

"விரல்ல மை இல்லாதவனுக்கு வாய் எதுக்கு? தண்ணி வரல, ரோடு சரியில்லன்னு பேச அவனுக்கு என்ன உரிமை இருக்கு?" என்பார்.

குடித்தனக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறுவார்கள். அவர்களில் ஒருவர் விரலிலும் மை இருந்ததில்லை. ஏன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது தையல்காரி படி இறங்கி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கையில் ஒரு விண்ணப்பம்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

"வாடகைதான் ஒண்ணாந்தேதியே குடுத்துட்டியேம்மா. இன்னும் என்ன?"

"ஓட்டு லிஸ்ட்ல பேர் சேர்க்கணும் சார். இந்த மாசத்தோட கடைசி. நான் இந்த வீட்டுல குடியிருக்கேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டீங்கன்னா போதும்."

பூட்டு சார் பேப்பரை மடக்கினார். "போன தடவையும் இதேதான் கேட்ட."

"அதுக்கு முந்தின தடவையும் கேட்டேன் சார்."

"கரண்ட் பில்லு, தண்ணி ரசீது, இப்படி ஏதாவது வச்சுக் குடுக்கிறது?"

"எல்லாமே உங்க பேர்ல வருது சார். என் பேரு சொல்லிக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வர்றது கொசு மட்டும்தான்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டார். பூட்டு சாருக்கு அது பிடிக்கவில்லை.

"ஒரு வரின்னுதான் ஆரம்பிப்பீங்க. அந்த ஒரு வரியைத் தூக்கிக்கிட்டு நாளைக்குக் கோர்ட்டுல போய், வீடே எங்களுதுன்னு நிப்பீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படித்தான் வீட்டையே விட்டாரு."

"யாரு சார் அவரு?"

"யாரோ ஒருத்தரு! பேரைத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற?"

தையல்காரி உடனே போகவில்லை. விண்ணப்பத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றாள். "எனக்குக் கல்யாணம் ஆனதும் எங்கம்மா வீட்டு லிஸ்ட்டுல பேரை எடுத்துட்டாங்க சார். அப்புறம் எத்தனை வீடு மாறிட்டோம். எல்லா வீட்டுலயும் இதே பதில்தான். என் பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போகப் போறா. இதுவரைக்கும் நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல."

"போடாம என்ன குறைஞ்சு போச்சு இப்போ? போம்மா, போய் வேலையப் பாரு."

அவள் படி ஏறிப் போனாள். சற்று நேரத்தில் மேலே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

"ஒரு வரிதானேங்க?" என்றார் மனைவி.

"உனக்கு உலகம் தெரியாது" என்றார் அவர். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் பல பேச்சுகள் இந்த வாக்கியத்தோடுதான் முடிந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு ஒரு பகல் வேளையில் ஒரு பெண் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். தோளில் பை, கையில் நீல நிற ஃபைல். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் வேலையைப் பள்ளிக்கூட வேலையோடு சேர்த்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். பூட்டைப் பார்த்தாள். ஆனாலும் உள்ளே கொடியில் துணி காய்வதைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"வீட்டுல யாருங்க? எத்தனை குடும்பம் இருக்கீங்க?"

பூட்டு சார் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். நீல ஃபைல். எத்தனை குடும்பம் என்ற கேள்வி. வரி ஆபீஸேதான், சந்தேகமே இல்லை. கையெழுத்து கிடைக்காத ஆத்திரத்தில் தையல்காரிதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார்.

மனைவியைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்து வந்தார். "யாரும் இல்லன்னு சொல்லு."

"நான் நிக்கிறனே, நான் யாராம்?"

"வேலைக்கு வர்றவன்னு சொல்லு. சொல்லுடி!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். கட்டியிருந்த பழைய புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு ஜன்னலைப் பாதி திறந்தார்.

"இங்க யாரும் இல்லைங்க."

"நீங்க யாரும்மா?"

"நான்... வீட்டு வேலைக்கு வர்றவ. வீட்டைப் பெருக்க வந்தேன்."

"வீட்டுக்காரங்க எங்க?"

பின்னால் நின்ற பூட்டு சார் காதருகே சொல்லிக்கொடுத்தார். "மகன்கிட்ட போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

"மகன்கிட்ட போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்று மனைவி ஒப்பித்தார்.

"மாடியில?"

"மாடி காலிங்க."

டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது. வெயிலில் ஒரு நிமிஷம் நின்று, ஃபைலைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"பார்த்தியா, எப்படித் தப்பிச்சோம்!" என்று பூட்டு சார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அன்று இரவு மனைவி அவருக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "முதலாளி, இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் தையல்காரி மறுபடியும் படி இறங்கி வந்தாள்.

"சார், முன் கேட்டுல ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அதுல உங்க பேரும் அம்மா பேரும்..."

"நீ செஞ்ச வேலை எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?"

"நான் என்ன சார் செஞ்சேன்?"

"இனிமே பேப்பரு, நோட்டீஸு, விண்ணப்பம்னு எதையும் தூக்கிக்கிட்டு என் முன்னாடி வராத. வந்தா அடுத்த மாசம் ரூமைக் காலி பண்ண வேண்டியிருக்கும். சொல்லிட்டேன்."

காலி பண்ணு என்ற வார்த்தைக்கு மேல் குடித்தனக்காரர்களிடம் பேச்சு ஏது? தையல்காரி திரும்பிப் போய்விட்டாள். வரி நோட்டீஸ் என்றே நினைத்த பூட்டு சார், கிழித்தால் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று முன் கேட்டுப் பக்கமே போகவில்லை. இரண்டு மழையில் நோட்டீஸ் கரைந்து போய்விட்டது.

தேர்தல் நாள் வந்தது. பூட்டு சார் விடிவதற்கு முன்பே குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டு கிளம்பினார். வழக்கம்போலப் பள்ளிக்கூட வாசலில் முதல் ஆள் அவர்தான்.

மனைவிக்கு மூட்டு வலி. அவரைத் தையல்காரி கைத்தாங்கலாகப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தாள். "நீ எதுக்கும்மா வேலையைக் கெடுத்துக்கிட்டு வர்ற?" என்று அவர் மனைவி கேட்டதற்கு, "அந்த இடம் உள்ள எப்படி இருக்கும்னு வாசல்ல நின்னாவது பார்க்கிறேன்மா" என்றாளாம்.

கதவு திறந்தது. பூட்டு சார் நிமிர்ந்த தலையோடு உள்ளே போய் அட்டையை நீட்டினார். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞன் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினான். பிறகு கீழிருந்து மேலே ஓட்டினான்.

"சார், உங்க பேரு இல்லையே."

"நல்லாப் பாருங்க தம்பி. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து இங்க ஓட்டுப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"பேரு இருந்திருக்கு சார். மேல கோடு அடிச்சிருக்கு. உங்க வீட்டு நம்பர்ல ரெண்டு பேரு, ரெண்டுமே அடிச்சிருக்கு. நிரந்தரமா வெளியூர் போயிட்டாங்கன்னு போட்டிருக்கு."

"இதோ அட்டை இருக்கே!"

"அட்டை இருந்தா மட்டும் போதாது சார். பட்டியல்ல பேர் இருக்கணும். கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"ஒதுங்கி நில்லுங்க" என்ற அந்த வார்த்தையை இத்தனை வயதில் அவரிடம் யாரும் சொன்னதில்லை. பின்னால் நின்ற ஒருவன் "என்ன பெரியவரே, வீடு மாறி வந்துட்டீங்களா?" என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். பூட்டு சார் வரிசையை விட்டு வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் உதவி மேஜை ஒன்று போட்டிருந்தார்கள். அதில் அந்த டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அதே நீல ஃபைல்.

"என் பேரை எவன் அடிச்சான்? எந்த முட்டாள் நான் வெளியூர் போயிட்டேன்னு எழுதினான்?" என்று இரைந்தார்.

டீச்சர் பதறாமல் வீட்டு எண்ணைக் கேட்டு ஃபைலைப் புரட்டினாள். "நான்தான் சார் எழுதினேன். நேர்ல வந்தேன். கேட்டு பூட்டியிருந்தது. வீட்டு வேலை செய்யற அம்மா ஜன்னல் வழியா, வீட்டுக்காரங்க மகன்கிட்ட போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஆட்சேபணை இருந்தா வந்து சொல்லுங்கன்னு கேட்டுலயே நோட்டீஸ் ஒட்டினேன். யாரும் வரல."

அப்போதுதான் தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி வராந்தாப் படி ஏறி வந்தார். நல்ல புடவை கட்டி, தலையை வாரிப் பின்னி, கையில் தன் அட்டையோடு.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவங்கதான் சார் சொன்னாங்க. அந்த வேலைக்கார அம்மா..."

"என் சம்சாரம்" என்றார் பூட்டு சார்.

டீச்சர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பார்வையில் இருந்தது வெறும் ஆச்சரியம். மனைவிதான் பேசினார்.

"நாம சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க? அவங்கமேல எதுக்குக் கோபப்படறீங்க?" என்றவர், தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலைக்காரின்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். வெளியூர் போயிட்டோம்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். என் ஓட்டையும் சேர்த்து நானே போக்கிட்டேன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

டீச்சர் மனம் இளகித் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒரே ஒரு வழி இருக்கு சார். இந்தத் தேர்தலுக்குத்தான் புதுசா வந்த விதி. தப்பா பேரு நீக்கியிருந்தா, அதே கதவு எண்ல குடியிருக்கிற வேற ஒரு வாக்காளர், இவங்க இங்கதான் இருக்காங்கன்னு சாட்சி சொல்லிக் கையெழுத்து போடணும். போட்டா, தனிக் கவர்ல வச்சு உங்க ஓட்டை வாங்கிக்கலாம். அப்படி உங்க வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்" என்று தையல்காரி உடனே முன்னால் வந்தாள். "ஒன்பது வருஷமா அதே வீட்டு மாடியிலதான் இருக்கேன். சாரையும் அம்மாவையும் தினமும் பார்க்கிறேன். எங்க வேணும்னாலும் கையெழுத்து போடறேன். குடுங்க."

டீச்சரின் முகம் மலர்ந்தது. "நல்லதும்மா. பட்டியல்ல உங்க வரிசை எண் என்ன?"

தையல்காரி நீட்டிய கையை மெல்ல இறக்கினாள். "என் பேரு பட்டியல்ல இல்லீங்க."

"ஒன்பது வருஷமா குடியிருக்கீங்க, ஏன் சேர்க்கல?"

பூட்டு சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது சொல்லப்போகிறாள். இத்தனை பேர் முன்னால், இந்த வாசலில், சொல்லத்தான் போகிறாள். சொன்னால் அதில் ஒரு எழுத்தும் பொய்யாக இருக்காது.

தையல்காரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "முகவரிக்கு அத்தாட்சி கிடைக்கலீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால் அவர் கத்தியிருப்பார், வாதாடியிருப்பார், ஆபீஸில் வீட்டை விட்ட அந்த யாரோ ஒருவரின் கதையைச் சொல்லியிருப்பார். அவள் மூடி மறைத்ததுதான் அவரை உடைத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிடைக்கலன்னு இல்லம்மா டீச்சர். நான் குடுக்கல" என்றார். "தடவைக்குத் தடவை வந்து கேட்டா. ஒரு வரி. வீட்டைப் பிடுங்கிக்குவான்னு பயந்து, வரி கூடிடும்னு கணக்குப் பார்த்து, ஒரு வரி எழுதித் தரல. நோட்டீஸ் ஒட்டியிருக்குன்னு வந்து சொன்னா. காலி பண்ணச் சொல்லி மிரட்டினேன்."

டீச்சர் பேனாவை மூடினாள். "அப்போ என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார். மன்னிச்சுக்கங்க."

வெளியே வந்தபோது ஓட்டுப்போட்டவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தெருமுனைக் காய்கறிக்காரர் விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "என்ன சார், இன்னைக்கும் நீங்கதானே ஃபர்ஸ்ட்?" பூட்டு சார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வீடு வந்ததும் மனைவி சந்துப் பக்கம் திரும்பினார். பூட்டு சார் திரும்பவில்லை. பச்சை கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். நோட்டீஸ் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருகினார். பல வருஷமாகத் திறக்காத பூட்டு. அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். கை சிவந்ததுதான் மிச்சம்.

தையல்காரி சந்து வழியாக ஓடிப்போய் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியைக் கொண்டு வந்தாள். பூட்டின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"கொஞ்சம் ஊறட்டும் சார்."

"உனக்கு என்மேல கோபமே இல்லையாம்மா?"

"ஏன் இல்லாம? நிறைய இருக்கு" என்றாள் அவள், பூட்டைப் பார்த்தபடியே. "ஆனா இன்னைக்குச் சண்டை போட முடியாது சார். இந்த வீட்டுல இன்னைக்கு எல்லாரும் ஒண்ணு. ஒருத்தர் விரல்லயும் மை இல்ல."

அவர் தலை தானாகக் குனிந்தது. விரல்ல மை இல்லாதவனுக்கு வாய் எதுக்கு என்று எத்தனை தடவை இவள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்!

எண்ணெய் இறங்கிய பிறகு பூட்டு ஒரு முனகலோடு வாய் திறந்தது. கேட்டைத் தள்ளித் திறந்தார். துருத்தூள் அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் உதிர்ந்தது. அன்று மத்தியானமே உட்கார்ந்து, மாடியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறு வாரம் வரி ஆபீஸுக்குத் தானே போய், மாடி காலி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த சரிபார்ப்புக்கு டீச்சர் அந்தத் தெருவுக்கு வந்தபோது பச்சை கேட்டு விரியத் திறந்து கிடந்தது. அவள் கூப்பிடுவதற்கு முன்பே பூட்டு சார் வாசலுக்கு வந்தார். நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நான்தாங்க இந்த வீட்டுக்காரி. இந்தத் தடவை நல்லாப் பார்த்து எழுதிக்கங்க" என்றார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள்.

மாடியிலிருந்து தையல்காரியும், நர்ஸும், அண்ணன் தம்பியும் இறங்கி வந்து நின்றார்கள். பூட்டு சார் தையல்காரியை முன்னால் விட்டார். அவள் தன் பேரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக, டீச்சர் எழுதி முடிக்கும்வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு சார்?" என்று டீச்சர் கேட்டாள்.

"கடைசியில எழுதிக்கலாம்மா. முதல் ஆளா நின்னதெல்லாம் போதும்" என்றார் பூட்டு சார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"இந்த வயசுலதான் எனக்குப் புரிஞ்சுது. ஓட்டுப் போடறது மட்டும் கடமை இல்லம்மா. பக்கத்துல இருக்கிறவங்க ஓட்டுக்குக் குறுக்க நிக்காம இருக்கிறதும் கடமைதான். குடியிருக்கிறவங்களை இல்லைன்னு சொன்னேன். கடைசியில நான் இருக்கேன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சு."